கார்ட்டூனிஸ்ட் சங்கரை எதற்காக நினைவில் வைத்துக்கொள்வது?

கரிக்கோல்:

சங்கர் என்றதும் ஒரு தலைமுறைக்கு அவர் நடத்திய கார்ட்டூன் வாரப் பத்திரிகை ‘சங்கர்ஸ் வீக்லி’ ஞாபகம் வரும். “என்னையும் விட்டுவைக்காதே சங்கர்” என்று நேரு சொன்ன கதையும் கூடவே வரும். இளைய ஆட்களுக்கு 2012-இல் நாடாளுமன்றம் வரை போன அம்பேத்கர் கார்ட்டூன் சர்ச்சை மட்டும்தான் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில், அந்த மனிதர் நாற்பது வருஷம் குழந்தைகளுக்காக உழைத்தது யார் கண்ணிலும் படுவதில்லை. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்பது என் கட்சி. அதைப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கே. சங்கர் பிள்ளை 1902 ஜூலை 31 அன்று திருவிதாங்கூரின் காயங்குளத்தில் பிறந்தவர். வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த வாத்தியாரைப் படம் போட்டதுதான் அவருடைய முதல் கார்ட்டூன். தலைமையாசிரியரிடம் வசமாக மாட்டினார். ஆனால் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் பையனின் கைவாகு அந்தப் படத்திலேயே தெரிந்துவிட்டது. மாவேலிக்கரை ரவிவர்மா ஓவியப் பள்ளியில் கொஞ்ச காலம், 1927-இல் திருவனந்தபுரத்தில் பட்டம், அப்புறம் சட்டம் படிக்கப் பம்பாய். சட்டத்தைப் பாதியிலேயே விட்டார். ஒரு கப்பல் கம்பெனி முதலாளிக்குச் செயலாளராக இருந்துகொண்டே ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’, ‘பாம்பே கிரானிக்கிள்’ பத்திரிகைகளுக்குப் படம் போட்டுக் கொடுத்தார். 1932-இல் பத்திரிகையாசிரியர் போத்தன் ஜோசப் அவரை ‘ஹிந்துஸ்தான் டைம்ஸ்’ பத்திரிகைக்காக டெல்லிக்கு அழைத்துக்கொண்டார். 1946 வரை அங்கேதான்.

இது வரைக்கும் உள்ளது ஒரு நல்ல கார்ட்டூனிஸ்டின் கதை. இப்படிப்பட்ட கதை இன்னும் சிலருக்கும் உண்டு. 1949-இல் அவர் குழந்தைகளுக்கான ஓவிய, எழுத்துப் போட்டியைத் தொடங்குகிறார். அடுத்த வருஷமே அது சர்வதேசப் போட்டியாகிறது. 1957-இல் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட். 1965-இல் பொம்மை அருங்காட்சியகம். 1967-இல் பி.சி. ராய் பெயரில் குழந்தைகள் நூலகம். 1968-இல் ‘சில்ட்ரன்ஸ் வேர்ல்டு’ மாத இதழ். நடுநடுவே தானே எழுதி, தானே படமும் போட்ட கதைப் புத்தகங்கள். 1989 டிசம்பர் 26-இல் காலமாகும் வரை இந்த வேலையை அவர் விடவேயில்லை. அரசியல் கார்ட்டூனில் உச்சத்தில் இருந்த ஒருவர் இவ்வளவையும் ஏன் தலைமேல் போட்டுக்கொண்டார்? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

டெல்லிவாசி:

பொம்மை மியூசியத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கே பலமுறை போயிருக்கிறேன்.

அந்தக் கதை ஒரே ஒரு பொம்மையில் தொடங்குகிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஹங்கேரித் தூதர், குழந்தைகள் போட்டியில் பரிசாகக் கொடுக்கச் சொல்லி ஒரு நாட்டுப்புறப் பொம்மையைத் தந்தார். சங்கருக்கு அதைப் பிரிய மனசில்லை. அதற்குப் பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர் பொம்மை ஒன்று அவரோடு டெல்லிக்கு வந்தது. நேரு வெளிநாடு போகும்போது கூடப் போகும் பத்திரிகையாளர் குழுவில் அவரும் இருந்திருக்கிறார் என்பதால் பயணங்களுக்குக் குறைவில்லை. ஐந்நூறு பொம்மைகள் சேர்ந்த பிறகு, குழந்தைகளின் ஓவியங்களோடு சேர்த்து ஊர் ஊராகக் கண்காட்சி வைத்தார். ஒவ்வொரு முறை கட்டிப் பிரிக்கும்போதும் சில பொம்மைகள் உடையும், துணி கிழியும். ஒரு கண்காட்சிக்கு நேருவும் இந்திராவும் வந்தபோது இந்தக் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார். நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் எழுந்தது.

1965 நவம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நம் திருத்தணிக்காரர்தான். பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் தெரு. அங்கே நேரு ஹவுஸ் என்ற கட்டடத்தின் மாடியில் மியூசியம். கீழேயே புக் டிரஸ்ட், நூலகம் எல்லாம்.

உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் நாடு வாரியாக பொம்மைகள். ஜப்பானியக் கபுகி பொம்மைகளின் முன்னால் எல்லோரும் நின்றுவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இந்தியப் பகுதி. மணப்பெண் பொம்மைகளை மாநிலம் மாநிலமாக வைத்திருக்கிறார்கள். முந்தானை விழும் பக்கம், நெற்றிச்சுட்டியின் அளவு, கொசுவத்தின் மடிப்பு என்று ஒவ்வொன்றும் ஊருக்கு ஊர் மாறுவதை அப்படியே செய்திருப்பார்கள். இவற்றை வெளியே வாங்கவில்லை. மியூசியத்தோடு சேர்ந்த பட்டறையிலேயே செய்தவை. அங்கே செய்த பொம்மைகளைப் பிற நாடுகளுக்குக் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டுப் பொம்மைகளை வாங்கியிருக்கிறார்கள். 1980-இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் நடந்த பொம்மை விழாவில் அந்தப் பட்டறைக்கு முதல் பரிசு. எண்பதுகளின் கடைசியில் 85 நாடுகளின் 6,500 பொம்மைகள் அங்கே இருந்தன.

டிராயிங் டீச்சர்:

கரிக்கோல் சார் கேட்ட ‘ஏன்’ என்ற கேள்விக்கு என்னிடம் நேரடிப் பதில் இல்லை. ஆனால் அந்தப் போட்டி வகுப்பறையில் என்ன செய்தது என்று சொல்ல முடியும். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் படங்களை அனுப்பியிருக்கிறேன்.

மற்ற ஓவியப் போட்டிகளில் தலைப்பு அவர்கள் கொடுப்பார்கள். மழைநீர் சேகரிப்பு, தேசிய ஒருமைப்பாடு, சாலைப் பாதுகாப்பு. பிள்ளைகள் உடனே உலக உருண்டையை வரைந்து நடுவில் கைகுலுக்கும் இரண்டு கைகளைப் போட்டுவிடுவார்கள். சங்கர் போட்டியில் பிள்ளை விரும்பியதை வரையலாம். முதல் தடவை இதைச் சொன்னபோது வகுப்பே முழித்தது. அப்புறம் ஒரு பெண், ரேஷன் கடை வரிசையை வரைந்தாள். எல்லோரும் முதுகு காட்டி நிற்கிறார்கள். பன்னிரண்டு முதுகு, பன்னிரண்டு விதமான ஜாக்கெட், துண்டு, பின்னல். ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்கிறார். அது அவளுடைய அப்பாவாம், தன்னைத் தேடுகிறாராம். அந்தப் படத்துக்குப் பரிசு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் கைகுலுக்கும் கை வரையவில்லை.

பரிசு வாங்கிய படங்களை ‘சங்கர்ஸ் வீக்லி’ குழந்தைகள் மலராக அச்சிட்டார்கள். வாரப் பத்திரிகை நின்ற பிறகும் அந்த மலர் தொடர்ந்தது. பழைய மலர் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பல்கேரியக் குழந்தை வரைந்த அறுவடைக்குப் பக்கத்தில் நம் ஊர் மாட்டுப்பொங்கல் மாதிரியான காட்சி வரும். பெரியவர் தொட்டுத் திருத்திய படம் பார்த்ததும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட படங்களை அந்த மலர்களில் நான் அதிகம் கண்டதில்லை. தேர்வு செய்தவர்களுக்கு நல்ல கண் இருந்திருக்கிறது. குழந்தையின் கோடு கோணலாக இருந்தால் அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஒரு கார்ட்டூனிஸ்ட் நடத்திய போட்டி என்பதால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன். கோணல் கோட்டின் மதிப்பு அவருக்குத் தெரியும்.

பழையபேப்பர்:

டீச்சர் கடைசியில் சொன்னதுதான் விஷயம். கரிக்கோல், நீங்கள் சங்கரை இரண்டாகப் பிரிக்கிறீர்கள். ஒரு பக்கம் அரசியல் கார்ட்டூனிஸ்ட், மறுபக்கம் குழந்தைகளின் ஆள், இரண்டாவதுதான் பெரியது என்று. என்னால் அதை ஏற்க முடியவில்லை. குழந்தைகள் போட்டி பிறந்ததே அந்த வாரப் பத்திரிகையின் வயிற்றில்தான். பத்திரிகைக்கு இருந்த பெயர் இல்லாமல் தூதர்கள் பொம்மை கொண்டுவந்து கொடுத்திருப்பார்களா?

அவர் கார்ட்டூனை லேசாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். 1930-களில் வைசிராய்களை அத்தனை கூர்மையாக வரைந்த இந்தியர்கள் குறைவு. லின்லித்கோவைச் சுடுகாட்டில் ஆடும் பத்ரகாளியாக வரைந்தார். அந்த மூலப்படத்தையே கேட்டு வாங்கிக்கொண்டாராம் வைசிராய். ‘ஹிந்துஸ்தான் டைம்ஸ்’ வேலையின் நடுவே லண்டனில் பதினான்கு மாதம் தங்கி ஓவியப் பள்ளிகளில் படித்துவிட்டு வந்தார். திரும்பி வந்த பிறகு கோடு இன்னும் இறுகியது.

1948 மே மாதம் ‘சங்கர்ஸ் வீக்லி’யைத் தொடங்கி வைத்தவர் நேரு. அதற்குப் பிறகு அந்தப் பத்திரிகையில் அதிகம் அடி வாங்கியவரும் அவரேதான். 1964 மே 17 இதழின் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மெலிந்து போன நேரு கையில் தீப்பந்தத்தோடு ஓட்டப்பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் தள்ளாடி ஓடுகிறார். பின்னால் நந்தா, சாஸ்திரி, மொரார்ஜி, கிருஷ்ண மேனன், இந்திரா. பத்தாவது நாள், மே 27 அன்று நேரு இறந்தார். முப்பது வருஷமாக ஒரே முகத்தை வரைந்து வந்த கைக்கு அந்த முகத்தில் முடிவு தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடம் மாதிரி ஆள் தயாரித்த பத்திரிகையும் அதுதான். ஆபு ஆபிரகாம், ஓ.வி. விஜயன், ரங்கா, யேசுதாசன், சாமுவேல் எல்லோரும் அந்தப் பக்கங்களில் கை பழகியவர்கள். குட்டி அதற்கும் முன்னால் சங்கரிடம் நேரடியாகத் தொழில் கற்றவர். நெருக்கடி நிலை அறிவித்த சில வாரங்களில், 1975 ஆகஸ்ட் 31 இதழோடு வீக்லி நின்றது. சர்வாதிகாரத்துக்குச் சிரிப்பு தாங்காது, ஹிட்லர் காலத்தில் நல்ல நகைச்சுவை ஒன்று கூடப் பிறக்கவில்லை என்று கடைசித் தலையங்கத்தில் எழுதிவிட்டுத்தான் மூடினார். இந்திராவின் அப்பாவுக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தவர் அதை எழுதினார். இந்த முதுகெலும்பை ஒதுக்கிவிட்டுக் குழந்தைகளின் தாத்தாவாக மட்டும் அவரை நினைவில் வைத்தால் அவரைப் பாதியாக்கிவிடுவோம்.

நீலவானம்:

நீங்கள் எல்லோரும் அன்போடு எழுதுகிறீர்கள். நான் வேறொரு இடத்திலிருந்து இந்த மனிதரைப் பார்க்கிறேன், அதையும் கேளுங்கள்.

நான் பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடத்தில் சங்கரின் அந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்தவள். மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகம், அரசியலமைப்பு உருவான பாடம். நத்தையின் மேல் அம்பேத்கர். நத்தைதான் அரசியலமைப்புச் சட்டம். அவர் கையிலும் சாட்டை. பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். சுற்றிலும் ஒரு பெரிய கூட்டம் சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. வகுப்பில் எங்கள் ஆசிரியர் “நத்தை எதைக் குறிக்கிறது?” என்று கேட்டார். நான் நத்தையைப் பார்க்கவில்லை. அந்தச் சாட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தாத்தா காலத்தில் சாட்டை யார் கையில் இருந்தது, யார் முதுகில் விழுந்தது என்று எங்கள் வீட்டில் தெரியும். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். படத்துக்குள் சிரிக்கும் கூட்டமும் வகுப்பில் சிரித்தவர்களும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தார்கள்.

2012 மே மாதம் திருமாவளவன் மக்களவையில் இதை எழுப்பியபோது, “நகைச்சுவை உணர்வு இல்லாதவர்கள்” என்று எத்தனை பேர் எழுதினார்கள்! அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். பாடநூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் பதவி விலகினார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் எல்லாம் கருத்துச் சுதந்திரம்தான் பேச்சு. அந்தப் படம் ஒரு மாணவிக்கு என்ன செய்யும் என்பது பேச்சில் வரவேயில்லை.

பிறகு உன்னமதி சியாம சுந்தர் என்ற ஆய்வாளர், 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த கார்ட்டூன்களைத் தேடித் தொகுத்து 2019-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். நூற்றுக்கும் மேலான படங்கள். சங்கருடையதும் அதில் நிறைய உண்டு. வரிசையாகப் பார்க்கும்போது ஒரு பழக்கம் தெரிகிறது. காந்தியும் நேருவும் பெரிய ஆட்கள், அம்பேத்கர் எப்போதும் சின்ன உருவம். ஒரு படத்தைத் தனியாக எடுத்து “அந்தக் கால வழக்கம்” என்று சொல்லலாம். அத்தனை படத்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

பழையபேப்பர்:

தங்கச்சி, நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பாடநூலில் அதை வைத்தது வேறு விவகாரம். சங்கர் அதை வரைந்த காலத்தைப் பற்றி மட்டும் நான் ஒன்று சொல்கிறேன். 1949 ஆகஸ்ட் 28 அன்று வெளியான படம் அது. சட்டம் எழுதி முடிக்க ஏன் இவ்வளவு நாள் என்று அப்போது பத்திரிகைகள் கேட்டுக்கொண்டிருந்தன. அரசமைப்பு அவையின் தாமதம்தான் படத்தின் கரு. நேருவும் அதில் உயர்ந்த மனிதராக இல்லை, அவசரப்பட்டு நத்தையைச் சாட்டையால் அடிக்கும் ஆளாகத்தான் இருக்கிறார்.

நீலவானம்:

அண்ணா, தாமதம்தான் கரு என்றால் அந்தக் கருவே சரியா என்று பாருங்கள். 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அவையில் பேசிய பேச்சு இருக்கிறது. ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்த கதை என்று சொல்கிறார்களே என்று அவரே எடுத்துச் சொல்லி, புகாருக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறார். அவை கூடி இரண்டு வருஷம், பதினொரு மாதம், பதினேழு நாள். வரைவுக் குழு உட்கார்ந்தது 141 நாள். வந்த திருத்தங்கள் 7,635. அவையில் முன்வைக்கப்பட்டவை 2,473. ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது வருஷம் ஆனதையும் சொல்கிறார். 395 பிரிவுகள் கொண்ட சட்டத்துக்கு இது நத்தை வேகமா? சர்க்கரை நோயும் மூட்டு வலியுமாக அந்த மனிதர் செய்த வேலை அது. பக்கத்து அறையில் நடப்பதை ஒரு கார்ட்டூனிஸ்ட் விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாதா?

நூலகவாசி:

நீலவானம் கேட்ட கேள்வியை, நத்தைப் படத்துக்குப் பத்து வருஷம் முன்னாலேயே காந்தி வேறு விதமாகக் கேட்டுவிட்டார். ஜின்னாவைப் பற்றிச் சங்கர் போட்ட ஒரு கார்ட்டூனைப் பார்த்துவிட்டு 1939-இல் காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். கலையாக உன் படங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் உண்மை பிசகாமலும், புண்படுத்தாமலும் கேலி செய்யத் தெரியவில்லை என்றால் இந்தத் தொழிலில் உயர முடியாது என்பது அதன் சாரம். நிகழ்ச்சிகளைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு வரை, உன் கேலி கடிக்கக் கூடாது என்றும் சொல்கிறார். கேலி கொஞ்சமும் கடிக்கக் கூடாது என்பதில் எனக்குக் காந்தியோடு உடன்பாடில்லை. கடிக்காத கார்ட்டூன் எதற்கு? ஆனால் துல்லியம் பற்றி அவர் சொன்னது நத்தைப் படத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்று. புக் டிரஸ்டையும் நேஷனல் புக் டிரஸ்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் 1957-இல் தொடங்கியவை, இரண்டும் டெல்லி. நம் ஊர்ப் பள்ளி நூலகங்களில் தமிழில் வந்த ‘நேரு பால புஸ்தகாலயம்’ வரிசை அரசு நிறுவனமான நேஷனல் புக் டிரஸ்டுடையது. சங்கருடையது தனி அறக்கட்டளை. பெரும்பாலும் ஆங்கிலம், அடுத்து இந்தி.

அந்த மொழி விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தமிழில் 1947 முதல் ‘அம்புலிமாமா’ வந்துகொண்டிருந்தது, 1950-இல் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டார். நமக்கென்று ஒரு மரபு ஓடிக்கொண்டிருந்தது. டெல்லி மாதிரி ஊரில் ஆங்கிலம் படித்த பிள்ளைக்குத்தான் இந்திய முகம் உள்ள கதைப் புத்தகம் கிடையாது. பனி விழும் ஊர், பன்றி இறைச்சி சாண்ட்விச் கொண்டு பிக்னிக் போகும் பிள்ளைகள், இதுதான் கையில் கிடைத்தது. சங்கர் நிரப்பியது அந்தப் பள்ளத்தை. அவர் எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அளவு கவனம் கொடுத்திருந்தால் நமக்கும் நிறையக் கிடைத்திருக்கும்.

ஆனாலும் சங்கர் அதைச் செய்தவிதம் பெரிது, அதை மறுக்க முடியாது. அச்சு வெளியே போனால் விலை கூடும், வண்ணம் கெடும் என்று சொந்தமாக இந்திரபிரஸ்தா பிரஸ் என்ற அச்சகம். பஞ்சதந்திரக் கதைகளிலிருந்து ஆரம்பித்து விலை குறைந்த, பெரிய வண்ணப் படம் உள்ள புத்தகங்கள். எழுத ஆள் போதவில்லை என்று 1978-இல் குழந்தைகளுக்காக எழுதும் எழுத்தாளர்களுக்குப் போட்டி. 1981-இல் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் சேர்த்து ஒரு சங்கம். ஓவியரையும் எழுத்தாளருக்குச் சமமாக வைத்த பதிப்பகம் அன்றைக்கு எத்தனை?

கரிக்கோல்:

ஒரு நாள் முழுக்க எல்லோர் பதிவையும் மறுபடி மறுபடி படித்தேன்.

பழையபேப்பர் சொன்ன தேதிதான் என்னை நிறுத்தியது. 1949 ஆகஸ்ட் 28-இல் நத்தைப் படம். அதே வருஷம்தான் குழந்தைகள் போட்டி தொடங்குகிறது. டிசம்பர் மாதம் முதல் குழந்தைகள் மலர் வருகிறது. அதில் நேரு குழந்தைகளுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் இருக்கிறது. தேதி டிசம்பர் 3. உங்களோடு பேசுவதைவிட விளையாடப் பிடிக்கும் என்று தொடங்கி, பூ, பறவை எல்லாம் பேசி, ஜப்பான் குழந்தைகள் கேட்டதற்காக மைசூரிலிருந்து ஒரு யானையை அனுப்பிய கதைக்கு வருவார். அந்த யானைக்கு இந்திரா என்று பெயர் வைத்து டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பியதும் அந்த வருஷம்தான். பெரியவர்கள் சாதி, மதம், நிறம், கட்சி என்று தங்களைச் சுற்றித் தடுப்பு எழுப்பிக்கொள்கிறார்கள், குழந்தைகளுக்கு அது தெரியாது என்றும் அந்தக் கடிதத்தில் வரும்.

ஒரே ஆசிரியர். ஒரே மேஜை. ஆகஸ்டில் அந்தப் படம், டிசம்பரில் இந்தக் கடிதம். குழந்தைக்குச் சாதி தெரியாது என்று அச்சிட்ட அதே பத்திரிகை. நீலவானம் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அம்பேத்கருக்குச் சிறுவயதில் வகுப்பின் மூலையில் கோணிப்பையில் உட்கார வேண்டியிருந்தபோதும் தெரிந்துதான் இருந்தது. சங்கரின் குழந்தைகள் உலகம் பெரியது, நிஜமான அன்பில் கட்டியது. அதற்குள் இந்தக் குழந்தை வரவில்லை.

அதனால் என் கட்சி மாறுகிறதா என்றால், இல்லை. அவர் செய்ததில் பெரியது குழந்தைகளுக்கானது என்றே இன்னும் சொல்வேன். பழையபேப்பர் சொல்கிற மாதிரி அதை வீக்லியிலிருந்து பிரிக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பிரிக்க முடியாது என்றால் நத்தையையும் பிரிக்க முடியாது. மூன்றும் ஒரே ஆளின் கணக்கில்தான் வரும்.

டிராயிங் டீச்சர்:

நீலவானம், உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒன்று தோன்றியது. அந்தப் போட்டிக்குப் படம் அனுப்பும் பள்ளிகள் எவை? டிராயிங் ஷீட், போஸ்டர் கலர், தபால் செலவு, இதையெல்லாம் செய்ய ஓர் ஓவிய ஆசிரியர். போட்டிக்குக் கட்டணம் கிடையாது, தலைப்பு கிடையாது, எந்தப் பிள்ளையும் அனுப்பலாம். ஆனாலும் ஓவிய ஆசிரியர் பணியிடமே இல்லாத பள்ளியிலிருந்து படம் எப்படிப் போகும்? என் பள்ளியிலேயே, வண்ணம் வாங்க முடிந்த பிள்ளைகளின் படம்தான் முதலில் என் கைக்கு வரும். ரேஷன் கடை வரைந்த பெண் பென்சிலும் நீல மையும் மட்டும் வைத்து வரைந்தாள். கேட்டு வாங்கினால்தான் அப்படிப்பட்ட படம் கிடைக்கும். அது சங்கர் கையில் இல்லை, எங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கிறது.

நீலவானம்:

டீச்சர், அந்தப் பெண்ணின் படத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

எனக்குச் சங்கர் மேல் வெறுப்பு இல்லை. அவருடைய கதைப் புத்தகம் ஒன்றைச் சின்ன வயதில் படித்திருக்கிறேன், யார் எழுதியது என்று தெரியாமலேயே. சுஜாதா என்ற பெண்ணும் ஒரு காட்டு யானையும் வருகிற கதை. பெரிய பெரிய ஆண்கள் பயந்து ஓடும் இடத்தில் ஒரு சின்னப் பெண் யானையோடு சிநேகமாகிறாள் என்பதே எனக்கு அப்போது பெரிய விஷயம். அந்த யானையை வரைந்த கையும் நத்தையை வரைந்த கையும் ஒன்று என்று இந்த இழையில்தான் சேர்த்துப் பார்க்கிறேன். அந்தப் புத்தகத்தை என் பெண்ணுக்கும் கொடுப்பேன். அவள் பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது அந்தக் கார்ட்டூனையும் நானே காட்டுவேன், நவம்பர் 25 பேச்சோடு சேர்த்து.

புதுஅப்பா:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் பையனுக்கு ஏழு வயது. சங்கர் எழுதியதில் எதில் தொடங்கலாம்? டெல்லி போகும் வேலையும் இருக்கிறது. மியூசியத்துக்கு அவனைக் கூட்டிப் போகலாமா, சலித்துவிடுமா?

நூலகவாசி:

தாத்தாவோடு வாழ்ந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய ‘லைஃப் வித் கிராண்ட்பாதர்’ புத்தகத்தில் தொடங்குங்கள். 1965-இல் வந்தது. கேரளக் கிராமத்தில் தன் பிள்ளைப் பருவத்தை வைத்து எழுதி, தானே கோட்டுப்படம் போட்டது. பையன் ஏதாவது வம்பு செய்துகொண்டே இருப்பான், தாத்தா அவன் பக்கம் நிற்பார். உபதேசம் கிடையாது. ஏழு வயதுக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். படத்தை மட்டும் முதலில் அவன் கையில் கொடுங்கள். பையன் ஓடும் கோடும் தாத்தா உட்காரும் கோடும் எப்படி வேறாக இருக்கின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் சுஜாதாவும் யானையும்.

டெல்லிவாசி:

மியூசியத்துக்கு ஐ.டி.ஓ. மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். திங்கட்கிழமை வேண்டாம், மூடியிருக்கும். ஏழு வயதுப் பையனை எல்லாப் பெட்டியையும் வரிசையாகப் பார்க்கச் சொல்லாதீர்கள். ஆயிரக்கணக்கில் இருக்கிறது, அரைமணி நேரத்தில் கால் வலிக்கும். முதலில் இந்தியப் பகுதிக்குப் போய் நம் ஊர் பொம்மை எது என்று தேடச் சொல்லுங்கள், அங்கிருந்து அவன் போகிற வழியில் விடுங்கள். கீழே இருக்கும் புத்தகக் கடையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காயங்குளம் பக்கம் போகிறவர்கள் கிருஷ்ணபுரத்தில் சங்கர் பெயரில் இருக்கும் கார்ட்டூன் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்.